சோறு போட்டவர்களைத் தேடும்போது

சோறு போட்டால் 6 மாதம் ஜெயில். 1930 ஏப்ரலில் தஞ்சாவூர் ஜில்லா கலெக்டராக இருந்த தார்ன் போட்ட உத்தரவின் சாரம் அதுதான். உப்புச் சட்டத்தை மீறுவதற்காக ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து வரும் தொண்டர்களுக்கு யார் தங்க இடம் கொடுத்தாலும், யார் சாப்பாடு கொடுத்தாலும், இந்திய தண்டனைச் சட்டம் 157ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பத்திரிகைகளில் வெளியிட்டார்கள், துண்டறிக்கை அடித்தார்கள், தண்டோரா போட்டார்கள்.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரன். யாத்திரை போன சாலையோரத்து ஊர்களில்தான் எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இருக்கிறார்கள். உப்பு அள்ளிச் சிறைக்குப் போனவர்களின் பெயர்கள் ஓரளவு எங்கேயாவது பதிவாகியிருக்கின்றன. அந்தத் தண்டோராவைக் காதால் கேட்ட பிறகும் உலையில் அரிசி போட்டவர்கள் யார் என்று கேட்டால் பதில் கிடையாது. அவர்களைத் தேடித்தான் சில வருடங்களாக ஊர் ஊராகப் போய், பெரியவர்களிடம் பேசி, பதிவு செய்து வருகிறேன். தங்கள் ஊரிலோ குடும்பத்திலோ இப்படித் தேட நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று, அதில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

அந்த உத்தரவு எப்படி வேலை செய்தது என்று புரிந்தால்தான் எங்கே தேட வேண்டும் என்பது பிடிபடும். 1930 ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்த அதே தேதி. திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து சுமார் 100 தொண்டர்கள் கிளம்பினார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏறக்குறைய 150 மைல். வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் 28. சித்திரை வெயிலில் 15 நாள் நடக்கிற 100 பேருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு என்பது சின்ன விஷயமா? வழியிலுள்ள ஊர்கள்தான் கொடுக்க வேண்டும். நடக்கிறவர்களை வழியிலேயே கைது செய்தால் கூட்டம் இன்னும் பெருகும். சோறு கிடைக்காமல் செய்துவிட்டால்? அவர்களாகவே கலைந்து போவார்கள், அரசின் கையில் ரத்தக்கறையும் இருக்காது. தார்னின் கணக்கு இதுதான். தடியடியைவிட மோசமானதாக எனக்கு இது படுகிறது. பசித்து வந்தவனுக்குச் சோறு போடுவதைக் குற்றமாக்கி, ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் பயத்தைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

பயம் வேலை செய்யவும் செய்தது. இழப்பதற்கு ஏதாவது வைத்திருந்தவர்கள், அதாவது மிராசுதார்கள், சத்திர நிர்வாகிகள், அரசு உத்தியோகத்தில் இருந்தவர்கள், பென்ஷன் வாங்கியவர்கள், இவர்களில் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். எல்லோரும் ஒதுங்கவில்லை. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வெளிப்படையாக வீட்டில் இடம் கொடுத்துச் சாப்பாடும் போட்டு, சிறைக்குப் போனார். வேதாரண்யத்தில் முகாமுக்கு எல்லா ஏற்பாடும் செய்த வேதரத்தினம் பிள்ளைக்கு 6 மாதச் சிறை, சொத்தும் பறிமுதல். அவரைத்தான் பிறகு சர்தார் வேதரத்தினம் என்று நாடு கூப்பிட்டது. சவரத் தொழிலாளியான வைரப்பன், போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மாட்டேன் என்று மறுத்துச் சிறைக்குப் போனார். வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

இவர்கள் பெயர் தெரிந்தவர்கள். தெரியாதவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாலையோரத்து மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் தொண்டர்கள் இளைப்பாறும்போது யாரோ ஒருவர் வந்து, சாப்பாட்டுப் பாத்திரங்களை ஒளித்து வைத்திருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கொடுத்தவர் யார் என்று வாங்கியவருக்கே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர். அதனால்தான் இன்றைக்குத் தேடுவதும் இவ்வளவு கஷ்டம்.

சரி, எப்படித் தேடுவது?

"சுதந்திரப் போராட்டத்தில் உங்கள் குடும்பம் என்ன செய்தது?" என்று மட்டும் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால், "நாங்க என்னத்தப் பண்ணுனோம் தம்பி, அதெல்லாம் பெரிய மனுசங்க பண்ணுனது" என்று முடித்துவிடுவார்கள். போராட்டம் என்றால் கொடி, சிறை, மேடை என்று மனதில் பதிந்துவிட்டது. சமைத்தது அந்தக் கணக்கில் வராது. அதனால் நான் பாத்திரத்திலிருந்து ஆரம்பிப்பேன். கல்யாணத்துக்குச் சமைக்கிற பெரிய பாத்திரங்கள் ஊரில் யார் வீட்டில் இருந்தன? சத்திரத்துச் சாவி யாரிடம் இருந்தது? சாலையோரத் தோப்பு யாருடையது? ராத்திரியில் ஆற்றங்கரைக்குப் போகிற வழி எது? மன்னார்குடிப் பக்கம் ஒரு பெரியம்மாவிடம் அவர்கள் வீட்டு அண்டாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். "போராட்டமெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. எங்க அப்பாயி ஒருதடவை கல்யாணமே இல்லாம அண்டாவ எறக்கி, புளிச்சோறு கிளறுச்சின்னு எங்கம்மா சொல்லும். வெளிய சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்குனாங்களாம்" என்றார். கல்யாணம் இல்லாமல் அண்டா இறங்கிய நாள். அதற்குமேல் அவரிடம் வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். வீட்டு ஆண்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள், அந்தப் பதில் பெரும்பாலும் பாடப்புத்தகத்தில் இருக்கிற பதிலாகத்தான் இருக்கும். அடுப்படியில் நடந்ததை அடுப்படியில் இருந்தவர்களின் மகள்களும் பேத்திகளும்தான் சொல்ல முடியும்.

இன்னொன்று, 1930இல் 10 வயதாக இருந்தவருக்கே இன்று 100 தாண்டியிருக்கும். நேரில் பார்த்தவர் இனிமேல் கிடைக்க மாட்டார். நமக்குக் கிடைப்பது எல்லாமே கேட்டுச் சொல்வது. அதில் தவறில்லை, ஆனால் யார் யாரிடம் கேட்டது என்பதை ஒவ்வொரு தடவையும் எழுதிக்கொள்ள வேண்டும். "எங்க அப்பா பார்த்தார்" என்பதும் "ஊர்ல சொல்லுவாங்க" என்பதும் ஒரே எடை உள்ளவை இல்லை.

இதில் பெரிய சிக்கல், வருடங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவது. 1930 உப்பு யாத்திரை, 1932 மறியல், 1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் மூன்றும் பேரப்பிள்ளைகளின் நினைவில் ஒரே நாளாக ஆகிவிடுகிறது. பிரித்தெடுக்க நான் பயன்படுத்துகிற சில அடையாளங்கள் உண்டு. உப்பு, நடைப் பயணம், சோற்றுப் பொட்டலம், சோறு போடாதே என்ற தண்டோரா, இவை வந்தால் 1930. கள்ளுக்கடை, அந்நியத் துணிக்கடை மறியலோடு தடியடி பிரதானமாக வந்தால் பெரும்பாலும் 1932. திருப்பூர் குமரன் அடிபட்டு உயிர்விட்டது 1932 ஜனவரியில்தான், அந்தச் செய்தி டெல்டாவிலும் பரவியிருந்ததால் சிலர் அதையும் சேர்த்துச் சொல்வார்கள். தந்திக் கம்பி அறுப்பு, தண்டவாளம் பெயர்ப்பு, ஊருக்கே கூட்டு அபராதம், இவை வந்தால் 1942. அரிசிப் பஞ்சத்தையும் ரங்கூன் அரிசி நின்றுபோனதையும் சேர்த்துச் சொன்னால் சந்தேகமே வேண்டாம், அந்த வருடத்தில்தான் பர்மா ஜப்பான் வசம் போனது.

1942இன் அடக்குமுறை குணத்திலேயே வேறு. ஆகஸ்ட் 9 விடியற்காலையில் காந்தியையும் காங்கிரஸ் காரியக் கமிட்டியையும் பம்பாயில் பிடித்த பிறகு, அரசுக்கு உலகப் போர் என்ற காரணமும் கையில் இருந்தது. அந்த வருட இறுதி வரை அரசு கொடுத்த கணக்கே 60,000க்கு மேல் கைது, துப்பாக்கிச் சூட்டில் 940 பேர் சாவு. தேவகோட்டையில் நீதிமன்றம் எரிந்ததும், திருவாடானையில் மக்கள் சிறையை உடைத்துக் காங்கிரஸ்காரரான சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்ததும், அதற்குப் பிறகு அந்த வட்டாரம் பட்டபாடும் தனியாக எழுத வேண்டிய கதை. இங்கே சொல்ல வருவது, 1942இன் துப்பாக்கிச் சத்தத்தில் 1930இன் சோற்றுப் பொட்டலம் காணாமல் போய்விடுகிறது என்பதுதான். கேட்கிறவர் பொறுமையாகப் பிரித்தெடுக்க வேண்டும்.

வேதாரண்யம் பக்கத்தில் காலத்தைக் கணக்கிட இன்னொரு வழியும் உண்டு. அங்கே 1952 நவம்பர் புயலை வைத்துத்தான் பழைய ஆட்கள் பேசுவார்கள். "புயலுக்கு முன்னாடி அந்த வீடு இருந்துச்சு" என்றால் எந்தப் புயல் என்று உடனே கேளுங்கள், ஏனென்றால் இப்போது 2018 கஜாவும் சேர்ந்துவிட்டது. இந்த இரண்டு புயலும் ஓட்டு வீடுகளையும் கீற்று வீடுகளையும் மட்டும் கொண்டுபோகவில்லை. பரண்மேல் டிரங்குப் பெட்டியில் இருந்த கடிதங்கள், அபராத ரசீதுகள், சிறையிலிருந்து வந்த தபால் அட்டைகள் எல்லாம் நனைந்து கூழாகிப் போனதாக எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறேன். மிச்சம் இருப்பதைப் போகிப் பண்டிகை தின்கிறது. பழசு என்று எரித்துவிடுகிறார்கள். அதனால் ஒரு வீட்டில் காகிதம் இருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அங்கேயே, வெளிச்சத்தில் வைத்து, முன்னும் பின்னும் போட்டோ எடுத்துவிடுங்கள். காகிதத்தை வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அது அவர்கள் வீட்டுச் சொத்து.

அடுத்தது அரசு ஆவணங்கள். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே கோப்புகள் ஆள் பெயர்வாரியாக இருக்காது, துறைவாரியாகவும் வருடவாரியாகவும் இருக்கும். "எங்க தாத்தா பேர்ல ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. 1930ஆம் வருடத்துப் பொதுத்துறை, சட்டத்துறை அரசாணைகளின் அட்டவணைத் தொகுதியை முதலில் கேட்டு வாங்கி, அதில் உங்கள் தாலுகா, கலெக்டர், உப்புச் சத்தியாகிரகம் என்று வருகிற எண்களைக் குறித்துக்கொண்டு, பிறகு கோப்பைக் கேட்க வேண்டும். ஊர் இப்போது எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டும். நாகப்பட்டினம் மாவட்டம் 1991இல் பிரிந்தது, திருவாரூர் 1997இல். 1930இல் வேதாரண்யமும் மன்னார்குடியும் தஞ்சாவூர் ஜில்லாதான்.

சென்னைக்குப் போக முடியாதவர்கள் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளத்தில் தேடலாம். உள்துறை அரசியல் பிரிவுக் கோப்புகள் நிறைய அதில் ஏற்றப்பட்டிருக்கின்றன. மாகாண அரசுகள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டெல்லிக்கு அனுப்பிய அறிக்கைகள் அங்கே உண்டு. ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் வெள்ளைக்காரன் எழுதிய விதத்தில், இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கோப்புகளைப் படிக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது, இவை தண்டித்தவர் எழுதிய கணக்கு. தண்டனை கொடுத்திருந்தால் கோப்பு இருக்கும். மிரட்டியதும், பயந்ததும், பயந்தும் செய்ததும் அதில் இருக்காது. ஆனால் ஒரு நன்மையும் உண்டு. அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்டதில் உண்மை சில இடங்களில் தெறிக்கும். அரசின் மேல் மக்களுக்கு முன்பு விசுவாசம் இருந்ததோ என்னவோ, இப்போது அது செத்துப்போய்விட்டது என்ற பொருளில் தார்னே மேலிடத்துக்கு எழுதினார். தண்டோரா போட்டு ஒரு மாவட்டத்தையே மிரட்டப் பார்த்தவர் கடைசியில் எழுதிய வரி அது. நடந்தவர்களைச் சோறு இல்லாமல் கலைக்க முடியவில்லை. ஏப்ரல் 30 காலையில் அகஸ்தியம்பள்ளியில் உப்பு எடுத்தார்கள். ராஜாஜியைக் கைது செய்து 6 மாதம் தண்டனை கொடுத்த பிறகும் நாள்தோறும் ஆள் வந்துகொண்டே இருந்தது.

சிறை சென்றவரைத் தேடுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்தில் பெல்லாரி, கண்ணனூர், ராஜமுந்திரி எல்லாம் அடக்கம். தஞ்சாவூர்க்காரர் திருச்சிச் சிறையில்தான் இருந்திருப்பார் என்று நினைத்துத் தேடுவதை நிறுத்திவிடாதீர்கள், வேறு ஊருக்கு மாற்றியிருப்பார்கள். அப்புறம், 1931 மார்ச் 5 காந்தி-இர்வின் ஒப்பந்தத்தின்படி நிறையப் பேர் தண்டனைக் காலம் முடியும் முன்பே வெளியே வந்தார்கள். "ஒரு வருசம் ஜெயில்" என்று குடும்பம் சொல்வதும், ஆவணத்தில் அதைவிடக் குறைவாக இருப்பதும் முரண் இல்லை. தீர்ப்பு ஒன்று, இருந்த நாள் வேறு.

ஊராட்சி ஒன்றிய அலுவலக வாசல்களில் சுதந்திர வெள்ளி விழாவுக்காக வைத்த கல்வெட்டுகளையும் போய்ப் பாருங்கள். அந்தந்த வட்டாரத் தியாகிகளின் பெயர்கள் அதில் பொறித்திருப்பார்கள். 1972இல் மத்திய அரசு பென்ஷன் கொடுக்கத் தொடங்கியபோது பொதுவான தகுதி 6 மாதச் சிறை. சிறை ஆவணம் கிடைக்காதவர்கள் உடன் சிறையில் இருந்தவரிடம் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தார்கள். இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை, எங்கேயாவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் மரத்தில் பொட்டலம் கட்டிய பெண்ணுக்கு எந்தச் சிறையும் இல்லை, உடன் இருந்ததாகச் சொல்ல ஒருத்தரும் இல்லை. மாட்டிக்கொள்ளாமல் செய்ததால்தான் அவர் கல்வெட்டில் இல்லை.

அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மிராசுதார் வீட்டில் சமைத்தார்கள் என்று கதை கிடைக்கும்போது, நெல்லைக் குத்தியது யார், தண்ணீர் இறைத்தது யார், இருட்டில் தலையில் சுமந்துகொண்டு போய் வைத்தது யார் என்று நான் கேட்பேன். பெரும்பாலும் சட்டென்று ஒரு அமைதி வரும். பண்ணை ஆட்கள்தான் செய்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பிடிபட்டிருந்தால் 157ஆம் பிரிவு அவர்கள் மேல்தான் முதலில் பாய்ந்திருக்கும். ராஜாஜியின் தொண்டர்கள் வழியில் சேரிகளுக்குப் போனது பதிவாகியிருக்கிறது. சேரியிலிருந்து தொண்டர்களுக்குப் போனது பதிவாகவில்லை. அதனால் ஒரு ஊரில் நான்கு வீட்டில் கேட்டால் இரண்டு வீடாவது காலனித் தெருவில் இருக்கட்டும். "ஆண்டை வீட்டுல சொன்னாங்க, கொண்டுபோயி வச்சோம்" என்று ஒரு வரி கிடைத்தாலும் அதைப் பொன்போல எழுதி வையுங்கள்.

காட்டிக்கொடுத்தவர்கள் பற்றியும் பேச்சு வரும். எந்த வீட்டுக்காரர் போலீஸுக்குத் தகவல் சொன்னார், எந்தக் கிராம அதிகாரி பட்டியல் கொடுத்தார் என்று சிலர் பெயரோடு சொல்வார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அடுத்த தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பார்கள். நான் பதிவில் வைத்துக்கொள்வேன், வெளியில் பெயர் சொல்ல மாட்டேன். ஒருவர் வாய்வார்த்தையை வைத்து ஒரு குடும்பத்தின் மேல் 90 வருடத்துக்குப் பிறகு பழி போடுவது நியாயம் இல்லை. கிராம அதிகாரிகளான கர்ணமும் மணியக்காரரும் வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் இருந்தார்கள். அடக்குமுறை அவர்கள் வீட்டுக்குள்ளும் நுழைந்திருந்தது. முடிந்தால் அந்தக் குடும்பங்களிடமும் போய்ப் பேசுங்கள். அவர்களிடம் வேறு கதை இருக்கும், சில சமயம் பழைய கணக்குப் புத்தகமே இருக்கும்.

பதிவு செய்யும்போது ஆரம்பத்திலேயே ஊர், தேதி, பேசுகிறவர் யாருடைய பேத்தி அல்லது பேரன், யாரிடம் கேட்டது என்பதை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் அழிந்தாலும் அது உள்ளே இருக்கும். போனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் வேறு இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். பேசியவர் வீட்டுக்கும் ஒரு நகல் கொடுங்கள், கேட்டுவிட்டு அவர்களே கூப்பிட்டு இன்னும் சொல்வார்கள்.

வலங்கைமானுக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவிலுள்ள ஊர்களில் எனக்கு இன்னும் ஒரு வீடும் அகப்படவில்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், வீட்டில் பெரியவர்களிடம் அண்டாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.